ஸ்பிரிச்சுவல்ஸ் இன் கான்சர்ட் (1990): கார்னகி அரங்கில் அடிமைகளின் பாடல்கள்

‘ஸ்பிரிச்சுவல்ஸ் இன் கான்சர்ட்’ என்பது 1990 மார்ச் 18 அன்று நியூயார்க் நகரின் கார்னகி அரங்கில் நடைபெற்ற இசை நிகழ்ச்சி. அமெரிக்காவில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள் உருவாக்கிய ஸ்பிரிச்சுவல் பாடல்களை, ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்திசைக் குழுவும் துணைநிற்க, காத்லீன் பேட்டில், ஜெஸ்ஸி நார்மன் என்னும் இரு சொப்ரானோ பாடகியர் பாடினர். ஜேம்ஸ் லெவைன் இசை நடத்துநர். நிகழ்ச்சி ஒலிப்பதிவாகவும் ஒளிப்பதிவாகவும் டாய்ச்ச கிராமஃபோன் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியிலும் ஒளிபரப்பானது.

முழுக்க ஸ்பிரிச்சுவல் பாடல்களுக்கென்றே அமைந்த பெரும் மேடை நிகழ்ச்சிகளில் இது பரவலாக அறியப்பட்ட ஒன்று. அதனாலேயே ஒரு பழைய கேள்வியை இது மீண்டும் எழுப்புகிறது. எழுதப்படாமல், ஒத்திகை இல்லாமல், வயலிலும் குடிசையிலும் கூட்டமாகப் பாடப்பட்ட பாடல்களை, அச்சிட்ட சுரக்குறிப்போடும் மாலைநேர உடையோடும் மேடையேற்றும்போது பாடல் உயர்கிறதா, அல்லது அதன் உயிர் போய்விடுகிறதா? அந்தக் கேள்வியை மையமாகக் கொண்டு நிகழ்ச்சியை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

பெயரும் பொருளும்

ஸ்பிரிச்சுவல் என்பதை ‘ஆன்மிகப் பாடல்’ என்று மொழிபெயர்ப்பது வழக்கம். தமிழில் ஆன்மிகப் பாடல் என்றால் பக்திப் பாடல் என்றே பொருள்படும். ஸ்பிரிச்சுவல் பாடல்களிலும் பக்தி உண்டு. ஆனால் பக்தியோடு அது முடிந்துவிடுவதில்லை. எகிப்தில் அடிமைப்பட்டிருந்த இஸ்ரவேலர், அவர்களை மீட்ட மோசே, யோர்தான் நதி, சிங்கக் குகையில் தானியேல், சிலுவையில் இயேசு என்று பைபிளின் காட்சிகளே பாடல்களின் பொருள். அந்தக் காட்சிகளில் பாடியவர்கள் தங்களையே கண்டனர். பார்வோன் என்று பாடியபோது தோட்ட முதலாளியின் முகம் அவர்கள் மனதில் இருந்தது. யோர்தானுக்கு அக்கரை என்பது மறுவுலகமாகவும் இருந்தது, அடிமை முறை இல்லாத வட மாநிலங்களாகவும் இருந்தது.

1740-ல் தென் கரோலினாவில் இயற்றப்பட்ட சட்டம் அடிமைகள் முரசு வைத்திருப்பதையும், அவர்களுக்கு எழுதக் கற்பிப்பதையும் தடைசெய்தது. அதற்கு முந்தைய ஆண்டு நடந்த ஸ்டோனோ கிளர்ச்சியே காரணம். 19ஆம் நூற்றாண்டில் தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு வாசிக்கக் கற்பிப்பதும் குற்றமாக்கப்பட்டது. முரசு இல்லாத இடத்தில் கைத்தட்டும் கால்மிதியும் தாளம் தந்தன. புத்தகம் இல்லாத இடத்தில் பாட்டு நினைவைக் காத்தது.

பாடும் முறை எளிமையானது. ஒருவர் முன்பாட்டுப் பாடுவார், கூட்டம் பின்பாட்டாகப் பதில் சொல்லும். முன்பாட்டு அடிக்கு அடி மாறும், பதில் மாறாது. பாடுபவர் அந்த நேரத்து மனநிலைக்கேற்ப அடிகளைச் சேர்ப்பார், விடுவார். வட்டமாக நகர்ந்துகொண்டே பாடும் ‘ரிங் ஷவுட்’ என்னும் வழிபாட்டு முறையில் ஒரே பாடல் நெடுநேரம் நீளும்.

இப்பாடல்களின் துயரத்தை வெளியுலகம் எளிதில் புரிந்துகொள்ளவில்லை. அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்து எழுத்தாளரான ஃபிரெடரிக் டக்ளஸ் தம் 1845ஆம் ஆண்டுத் தன்வரலாற்றில் இதைக் குறிப்பிடுகிறார். அடிமைகள் பாடுவதைக் கேட்டு அவர்கள் மகிழ்ச்சியாக இருப்பதாக நினைத்தவர்களைக் கண்டு அவர் வியக்கிறார். மிகவும் துயருற்றபோதுதான் அவர்கள் மிகுதியாகப் பாடினார்கள் என்கிறார். பின்னாளில் டபிள்யூ. இ. பி. டூ போய்ஸ் 1903-ல் வெளியிட்ட ‘கறுப்பின மக்களின் ஆன்மாக்கள்’ என்ற நூலில் இவற்றைத் துயரப் பாடல்கள் என்றே அழைத்தார். அந்நூலின் கட்டுரைகள் ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் இப்பாடல்களிலிருந்து ஒரு சுரக்குறிப்பை, சொற்கள் இல்லாமல், அச்சிட்டார்.

வாய்மொழியிலிருந்து மேடைக்கு

1990ஆம் ஆண்டு நிகழ்ச்சியை மதிப்பிடுவதற்கு முன், இப்பாடல்கள் மேடைக்கு வந்த வழியை அறிவது அவசியம். ஆர்கெஸ்ட்ராவும் ஆடை அலங்காரமும் திடீரென அன்று வந்து சேர்ந்தவை அல்ல.

முதலில் வந்தது எழுத்து. உள்நாட்டுப் போரின்போது தென் கரோலினாவின் கடற்கரைத் தீவுகளுக்குச் சென்ற வட மாநிலத்தவர் சிலர் பாடல்களைக் கேட்டு எழுதிக்கொண்டனர். 1867-ல் ‘ஸ்லேவ் சாங்ஸ் ஆஃப் தி யுனைடெட் ஸ்டேட்ஸ்’ என்ற முதல் பெருந்தொகுப்பு வெளிவந்தது. அதன் தொகுப்பாளர் மூவரில் ஒருவரான லூசி மக்கிம் கேரிசன், தொண்டையில் எழும் வளைவுகளையும், குரல்கள் வெவ்வேறு இடங்களில் நுழைந்து உண்டாக்கும் தாளத்தையும் ஐரோப்பியச் சுரக்குறிப்பில் எழுதுவது ஏறக்குறைய இயலாதது என்று 1862-லேயே எழுதியிருந்தார். எழுத்தில் ஏறும்போதே பாடலின் ஒரு பகுதி கைநழுவியது என்பதை, எழுதியவர்களே உணர்ந்திருந்தனர்.

அடுத்து வந்தது மேடை. டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் விடுதலை பெற்றவர்களின் கல்விக்காக 1866-ல் தொடங்கப்பட்ட ஃபிஸ்க் கல்வி நிலையம் கடனில் மூழ்கியது. நிதி திரட்ட, 1871 அக்டோபர் 6 அன்று ஜார்ஜ் வைட் என்ற ஆசிரியர் ஒன்பது மாணவர்களுடன் புறப்பட்டார். இதுவே ஃபிஸ்க் ஜூபிலி பாடகர் குழு. இவர்கள் முதலில் மேடைக்கெனத் தேர்ந்தவை ஐரோப்பியப் பாடல்களும் அக்காலத்து ஜனரஞ்சகப் பாடல்களுமே. பெற்றோரின் பாடல்களைப் பொதுவில் பாட அவர்கள் தயங்கினர். அவை அடிமை வாழ்வோடு ஒட்டியவை, பெற்றோருக்குப் புனிதமானவை என்பதே தயக்கத்தின் காரணம் என்று குழுவின் பியானோ கலைஞர் எல்லா ஷெப்பர்ட் பின்னர் நினைவுகூர்ந்தார். ஆனால் கேட்பவர்களை உலுக்கியவை அந்தப் பாடல்களே. 1873-ல் குழு இங்கிலாந்தில் விக்டோரியா அரசியின் முன் பாடியது. ஈட்டிய பணத்தில் ஜூபிலி ஹால் என்ற கட்டடம் எழுந்தது.

அக்காலத்தில் வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களைக் கேலி செய்யும் ‘மின்ஸ்ட்ரல்’ நிகழ்ச்சிகள் அமெரிக்காவெங்கும் நடந்துகொண்டிருந்தன. கறுப்பினப் பாடகர் மேடையேறினால் சிரிப்பு மூட்டத்தான் வருகிறார் என்று கூட்டம் எதிர்பார்த்தது. ஃபிஸ்க் மாணவர்கள் அசையாமல் நின்று, கண்ணியமான உடையில், மெல்லிய குரலில் தொடங்கினர். மெருகு அவர்களுக்குக் கவசமாக இருந்தது. மேடை ஸ்பிரிச்சுவலின் மெருகைக் குறை சொல்பவர்கள் இந்தக் காரணத்தையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

மூன்றாவது கட்டம் தனிப்பாடகரின் வரவு. பென்சில்வேனியாவில் பிறந்த ஹாரி டி. பர்லே (1866–1949), அடிமையாக இருந்து விடுதலை பெற்ற பார்வையற்ற தம் பாட்டனாரிடம் இப்பாடல்களைக் கற்றார். நியூயார்க் தேசிய இசைக் கல்லூரியில் படித்தபோது அதன் இயக்குநரான செக் இசையமைப்பாளர் அந்தோனின் துவோராக்கிற்கு இவற்றைப் பாடிக்காட்டினார். அமெரிக்காவின் வருங்கால இசை கறுப்பின மக்களின் மெட்டுகள் மீதே எழ வேண்டும் என்று 1893-ல் துவோராக் அறிவித்தார். அதே ஆண்டு டிசம்பரில் அவருடைய ‘புதிய உலகம்’ சிம்பொனி கார்னகி அரங்கில் முதன்முதலாக இசைக்கப்பட்டது. பர்லே பின்னர் ஸ்பிரிச்சுவல் பாடல்களைத் தனிக்குரலுக்கும் பியானோவுக்குமாக அமைத்து அச்சிட்டார். பாடுபவர்கள் கறுப்பின மக்களின் பேச்சையும் உடலசைவையும் கேலியாகப் போலச்செய்யக் கூடாது என்று தம் பதிப்பின் முன்னுரையில் எச்சரித்தார். ரோலண்ட் ஹேஸ், பால் ராப்சன், மரியன் ஆண்டர்சன் ஆகியோர் வழியே, ஐரோப்பியக் கலைப்பாடல்களின் பக்கத்தில் ஸ்பிரிச்சுவலும் இடம்பெறுவது மரபாயிற்று.

அரங்கும் கலைஞர்களும்

கார்னகி அரங்கம் 1891-ல் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே சிஸ்ஸியரெட்டா ஜோன்ஸ் என்ற கறுப்பினச் சொப்ரானோ அங்கே பாடினார். ஆனால் அதே நகரின் மெட்ரோபாலிடன் ஓபராவில் ஒரு கறுப்பினப் பாடகர் முக்கியப் பாத்திரமேற்க 1955 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு ஜனவரி 7 அன்று மரியன் ஆண்டர்சன் அங்கே பாடியபோது அவருக்கு 57 வயது. குரலின் சிறந்த ஆண்டுகள் கடந்துவிட்டிருந்தன.

பேட்டிலும் நார்மனும் அதற்கடுத்த தலைமுறை. ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டாவில் 1945-ல் பிறந்த நார்மன், பெர்லினில் ஓபரா வாழ்வைத் தொடங்கி 1983-ல் மெட்ரோபாலிடன் ஓபராவுக்கு வந்தார். 1989 ஜூலை 14 அன்று பாரிசில் பிரெஞ்சுப் புரட்சியின் 200ஆம் ஆண்டு விழாவில் பிரான்சின் தேசிய கீதத்தைப் பாடி உலகெங்கும் அறியப்பட்டிருந்தார். 1970களின் இறுதியிலேயே ஸ்பிரிச்சுவல் பாடல்களின் தனித்தொகுப்பு ஒன்றைப் பதிவுசெய்திருந்தார். ஓஹையோ மாநிலத்தின் போர்ட்ஸ்மவுத்தில் 1948-ல் பிறந்த பேட்டில், சின்சினாட்டியில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிவிட்டு மேடைக்கு வந்தவர். 1977 முதல் மெட்ரோபாலிடனில் பாடிவந்தார். 1990-ல் இருவரும் புகழின் உச்சத்தில் இருந்தனர்.

சேர்ந்திசைக் குழுவை ராபர்ட் டி கார்மியர் பயிற்றுவித்தார். ஹியூபர்ட் லாஸ் புல்லாங்குழலும் நான்சி ஆலன் ஹார்ப்பும் இசைத்தனர். நிகழ்ச்சி உருவாகத் துணைநின்றவர்களில் சில்வியா ஓல்டன் லீ குறிப்பிடத்தக்கவர். பியானோ கலைஞரும் குரல் பயிற்சியாளருமான இவர் 1950களில் மெட்ரோபாலிடன் ஓபராவின் இசைப் பணியாளராக அமர்த்தப்பட்ட முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர். இவருடைய தந்தையார் ஃபிஸ்க் குழு மரபில் பாடியவர். மேடையின் முன்வரிசையில் இவர் பெயர் இல்லை. ஆனால் 1871-ல் புறப்பட்ட குழுவுக்கும் 1990ஆம் ஆண்டு மேடைக்கும் இடையே வாழ்க்கை வழியான இணைப்பு இவரே.

நிகழ்ச்சியின் அமைப்பு

இரு பாடகியரும் சேர்ந்து பாடும் பாடல்கள், தனித்தனியே பாடுபவை, சேர்ந்திசையோடு பாடுபவை என நிகழ்ச்சி மாறி மாறிச் செல்கிறது. உயிர்த்தெழுதலின் பெருங்காலையைப் பாடும் ‘இன் தட் கிரேட் கெட்டிங் அப் மார்னிங்’ பாடலோடு ஒலிப்பதிவு தொடங்குகிறது. உலகம் முழுவதும் இறைவனின் கைக்குள் இருப்பதைச் சொல்லும் புகழ்பெற்ற பாடலோடு முடிகிறது. இடையே சோகமும் மகிழ்ச்சியும் நகைச்சுவையும் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன.

இந்த வரிசை கவனத்திற்குரியது. ஸ்பிரிச்சுவல் என்றாலே அழுகை என்று எண்ணுபவர் பலர். அடிமைத்தனத்தின் கொடுமையை அறிந்தவர்கள் அப்படி எண்ணுவது இயல்பே. ஆனால் அப்படி மட்டும் எண்ணினால், பாடல்களை உருவாக்கியவர்கள் வெறும் பாதிக்கப்பட்டவர்களாகச் சுருங்கிவிடுவார்கள். அவர்களுக்குக் கேலி உண்டு, கோபம் உண்டு, ஊர்வம்பு உண்டு, பிள்ளைகளோடு விளையாட்டு உண்டு. அவ்வகையில் நிகழ்ச்சியின் பாடல் தேர்வு நேர்மையானது.

‘ஸ்கேண்டலைஸ் மை நேம்’ என்ற இருகுரல் பாடல் இதற்குச் சான்று. முகத்துக்கு நேரே கைகுலுக்கிவிட்டு, முதுகுக்குப் பின்னால் பெயரைக் கெடுக்கும் மனிதர்களைப் பற்றிய கேலிப்பாட்டு இது. இரண்டு ஓபரா நட்சத்திரங்கள் அருகருகே நின்று, ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு இதைப் பாடும்போது பாட்டுக்குப் புதுப்பொருள் வந்துவிடுகிறது. முன்னணிப் பாடகியருக்கிடையே போட்டி இருக்கும் என்ற பொது எண்ணத்தை இருவரும் விளையாட்டாக எடுத்துக்கொள்கின்றனர். பழைய பாடல் மேடையிலும் உயிரோடு இருக்கிறது என்பதை இந்தப் பாடல் போல வேறெதுவும் காட்டவில்லை. அடிகளைச் சந்தர்ப்பத்துக்கேற்ப வளைத்துக்கொள்வது இம்மரபின் இயல்பு. இங்கே சொல்லை மாற்றாமல், குரலின் தொனியையும் முகபாவத்தையும் கொண்டு அதைச் சாதித்துள்ளனர்.

இரு குரல்கள்

பேட்டிலின் குரல் மெல்லியது, உயரமானது, தெளிவானது. நார்மனின் குரல் அகலமானது, அடர்ந்தது, கீழ்ச்சுரங்களிலும் நிறம் குறையாதது. இருவரையும் சொப்ரானோ என்றே வகைப்படுத்தினாலும் கேட்பவருக்கு இரண்டு வேறு வாத்தியங்கள் போலத் தோன்றும். இந்த வேறுபாடே நிகழ்ச்சியின் பெரிய பலம். ஸ்பிரிச்சுவல் பாடலுக்கு இரண்டு குரல்கள் தேவை, ஒன்று கேட்கும் குரல், மற்றொன்று பதில் சொல்லும் குரல். அவர்கள் இணைந்து பாடும் இடங்களில் ஒருவர் குரல் மற்றவருடையதில் கரைந்து போவதில்லை. இருவர் பேசிக்கொள்வது போலவே ஒலிக்கிறது.

தனிப்பாடல்களில் பேட்டிலின் ‘லார்ட், ஹவ் கம் மீ ஹியர்’ தனித்து நிற்கிறது. இந்த மண்ணுக்குத் தான் ஏன் வந்து சேர நேர்ந்தது என்று இறைவனிடம் முறையிடும் பாடல் இது. இதில் ஆறுதல் இல்லை, மீட்பின் உறுதியும் இல்லை. பேட்டிலின் குரலை அழகான குரல் என்று சொல்லி நிறுத்திக்கொள்பவர்கள் இந்தப் பாடலைக் கேட்க வேண்டும். குரலை உரக்க எழுப்பாமல், நீண்ட மூச்சில் சுரத்தை மெல்ல மெல்ல மெலியவிட்டு, அவர் கேள்வியைக் கேள்வியாகவே விட்டுவிடுகிறார். அழகு இங்கே பாடலின் துயரத்தை மறைக்கவில்லை. துயரத்தைத் தெளிவாகக் கேட்கச் செய்கிறது.

நார்மனின் வலிமை சொற்களில் இருக்கிறது. ஒவ்வொரு மெய்யெழுத்தையும் முழுமையாக ஒலிக்கும் அவருடைய உச்சரிப்பு, ஜெர்மன், பிரெஞ்சுக் கலைப்பாடல்களில் பயின்றது. அதே கவனத்தை அவர் அடிமை மக்களின் பேச்சு வழக்குக்கும் தருகிறார். வழக்குச் சொற்களைத் திருத்தி ‘நல்ல’ ஆங்கிலமாக்குவதுமில்லை, கொச்சையாக மிகைப்படுத்துவதுமில்லை. சிலுவைப்பாட்டைப் பாடும்போது, அது இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய கதையாகத் தோன்றுவதில்லை. அடிபட்டு, வாய் திறக்காமல் இறந்தவர் ஒருவரைப் பாடியவர்கள், அப்படி இறந்தவர்களைத் தம் கண்ணால் கண்டவர்கள் என்பது நினைவுக்கு வருகிறது. பர்லே எழுதிவைத்த எச்சரிக்கைக்கு இதைவிடச் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது.

ஆர்கெஸ்ட்ரா தருவதும் எடுப்பதும்

நிகழ்ச்சியின் சிக்கலான பகுதி ஆர்கெஸ்ட்ரா. அது தருவது என்ன, எடுத்துக்கொள்வது என்ன என்று பிரித்துப் பார்க்கலாம்.

ஆர்கெஸ்ட்ரா பாடல்களுக்கு இடம் தருகிறது. பியானோ மட்டும் இருந்தால் ஸ்பிரிச்சுவல் ஒரு கச்சேரியின் கடைசி அரை மணி நேரத்துக்கான பாடலாகவே நின்றுவிடும். நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. ஷூபர்ட்டும் பிராம்ஸும் பாடிய பிறகு, விடைபெறும் முன் இரண்டு மூன்று ஸ்பிரிச்சுவல்கள் என்பது வழக்கம். முழு ஆர்கெஸ்ட்ராவோடும் சேர்ந்திசையோடும் முழு நிகழ்ச்சியையும் இவற்றுக்கே ஒதுக்கும்போது, இவை இனிப்புப் பண்டமல்ல, விருந்தே இவைதான் என்ற அறிவிப்பு அதில் இருக்கிறது. புல்லாங்குழலும் ஹார்ப்பும் ஒலிக்கும் இடங்களில் பாடலுக்கு ஒரு நெருக்கமும் கிடைக்கிறது.

எடுத்துக்கொள்வது மூன்று. முதலாவது, சுரத்தின் வளைவு. ஸ்பிரிச்சுவல் மெட்டுகளில் சில சுரங்கள் பியானோவின் கட்டைகளுக்கு இடையே கிடக்கின்றன. பாடுபவர் தனித்திருந்தால் அவற்றை எட்டிப் பிடிக்கலாம். ஐம்பது வாத்தியங்கள் ஒரே சுருதியில் நின்றால், பாடகியும் அதே சுருதிக்கு வந்தாக வேண்டும்.

இரண்டாவது, காலம். கூட்டமாகப் பாடும்போது பாடல் எப்போது முடியும் என்பதைக் கூட்டம் தீர்மானிக்கும். ஆர்கெஸ்ட்ராவில் அதை அச்சிட்ட தாள் தீர்மானிக்கிறது. லெவைன் பாடகியருக்கு மூச்சுவிட இடம் தரும் நடத்துநர். அவருடைய ஓபரா அனுபவம் இங்கே பயன்படுகிறது. ஆயினும் முடிவு எங்கே என்று எல்லோருக்கும் முன்பே தெரிந்திருக்கிறது.

மூன்றாவதே முக்கியமானது, பதில். முன்பாட்டுக்குக் கூட்டம் சொல்ல வேண்டிய பதிலைச் சில இடங்களில் ஆர்கெஸ்ட்ரா சொல்லிவிடுகிறது. மனிதக் குரல் வர வேண்டிய இடத்தைப் பித்தளை வாத்தியங்களும் தந்தி வாத்தியங்களும் நிரப்புகின்றன. அப்போது பாடல் ஓபராவின் ஒரு காட்சியாக மாறுகிறது. பாடகி நாயகியாகிறார், மற்றவர்கள் பின்னணியாகின்றனர். உச்சத்தை நோக்கி ஏறி, கைதட்டலுக்காக நிற்கும் முடிவுகள் அரங்கை எழுப்பிவிடுகின்றன. ஆனால் அந்த உற்சாகம் பாடலுடையதா, ஒலியளவினுடையதா என்ற ஐயம் எழுகிறது.

இதற்கு நேர்மாறாக, சேர்ந்திசைக் குழு பதிலை ஏற்கும் இடங்களில் எல்லாம் நிகழ்ச்சி உயர்கிறது. பாடகியின் ஓரடிக்குப் பல குரல்கள் சேர்ந்து பதில் சொல்லும்போது, எத்தனை பெரிய அரங்கானாலும் முன்பாட்டு–பின்பாட்டு என்ற பழைய உறவு மீள்கிறது. மேடை அமைப்பு சிறியதா பெரியதா என்பது முக்கியமல்ல. பதில் சொல்லும் பொறுப்பு மனிதக் குரலிடம் இருக்கிறதா என்பதே அளவுகோல். இந்த அளவுகோலை வைத்துக் கேட்டால், இந்நிகழ்ச்சியின் நல்ல பாடல்களையும் வெறும் பகட்டான பாடல்களையும் எவரும் தாமே பிரித்தறியலாம்.

ஸோரா நீல் ஹர்ஸ்டனின் மறுப்பு

மேடை ஸ்பிரிச்சுவலுக்கு எதிரான மிகக் கடுமையான வாதத்தை முன்வைத்தவர், எழுத்தாளரும் நாட்டார் வழக்காற்று ஆய்வாளருமான ஸோரா நீல் ஹர்ஸ்டன். 1934-ல் வெளியான கட்டுரையில் அவர் ஸ்பிரிச்சுவலையும் ‘புதிய ஸ்பிரிச்சுவலையும்’ பிரித்தார். ஃபிஸ்க் குழு முதல் தம் காலத்துக் கச்சேரிப் பாடகர்கள் வரை அனைவரும் பாடுவது இரண்டாம் வகையே என்றார். உண்மையான ஸ்பிரிச்சுவலில் குரல்கள் ஒழுங்காகப் பொருந்துவதில்லை. மூச்சு வாங்கும் ஓசையும் பாட்டின் பகுதி. ஒருமுறை பாடியது போல மறுமுறை இருக்காது. உணர்ச்சியை வெளிப்படுத்தவே கூடியிருக்கும் கூட்டத்தின் இசை அது, கேட்பவருக்காக அமைத்த ஓசையல்ல. இதுவே அவர் வாதத்தின் சாரம்.

ஹர்ஸ்டன் தென் மாநிலங்களின் கிராமங்களில் நேரில் சென்று பாடல்களைச் சேகரித்தவர். அவர் சொன்னதைப் புறந்தள்ள முடியாது. 1990ஆம் ஆண்டு நிகழ்ச்சியை அவர் கேட்டிருந்தால் ஏற்றிருக்க மாட்டார் என்று ஊகிக்கலாம். ஆர்கெஸ்ட்ரா பற்றி மேலே சொன்ன மூன்று குறைகளும் அவருடைய வாதத்துக்கு அரண் சேர்ப்பவையே.

ஆனால் அவ்வாதத்துக்கு எல்லையும் உண்டு. மேடைப் பாடல் கிராமப் பாடலின் இடத்தைப் பிடித்துக்கொண்டால் அது இழப்பு. கிராமப் பாடல் தன் இடத்தில் இருக்க, மேடைப் பாடல் வேறொரு கலையாக வளர்ந்தால் அதை இழப்பு என்று சொல்ல முடியாது. பேட்டிலும் நார்மனும் தாங்கள் பாடுவதே அசல் என்று உரிமை கோரவில்லை. ஃபிஸ்க் மாணவர்கள் தொடங்கி, பர்லே வடித்து, ஆண்டர்சன் நிலைநிறுத்திய நூற்றிருபது ஆண்டு மரபு ஒன்று இருக்கிறது. அந்த மரபும் கறுப்பின மக்கள் தாமே உருவாக்கியது. தம் பெற்றோரின் பாட்டை உலகின் எந்த மேடையிலும் தலைநிமிர்ந்து பாடலாம் என்ற முடிவு அவர்கள் எடுத்த முடிவு. அதைப் போலி என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது, அவர்கள் கொடுத்த விலையை மறப்பதாகும்.

பிற்காலம்

நிகழ்ச்சிக்குப் பின் இருவரும் இப்பாடல்களை விட்டுவிடவில்லை. 2009 மார்ச்சில் ஆப்பிரிக்க அமெரிக்கப் பண்பாட்டைப் போற்றும் ‘ஆனர்!’ என்ற விழாவை நார்மன் கார்னகி அரங்கை மையமாகக் கொண்டு அமைத்தார். அவர் 2019 செப்டம்பர் 30 அன்று காலமானார்.

பேட்டிலை மெட்ரோபாலிடன் ஓபரா 1994-ல் பணிநீக்கம் செய்தது. 22 ஆண்டுகளுக்குப் பிறகு, 2016 நவம்பரில் அவர் அந்த மேடைக்குத் திரும்பினார். அவர் தேர்ந்தது மொசார்ட்டையோ ஸ்ட்ராஸையோ அல்ல. அடிமைகள் தப்பிச் செல்ல உதவிய இரகசிய வழிகளின் நினைவாக அமைந்த ஸ்பிரிச்சுவல் நிகழ்ச்சியோடு திரும்பினார். ஐரோப்பிய ஓபராவுக்கெனக் கட்டப்பட்ட மேடையில் அன்று அப்பாடல்கள் மட்டுமே போதுமானவையாக இருந்தன. 1990ஆம் ஆண்டு நிகழ்ச்சி திறந்த கதவு அது என்று சொல்லலாம்.

மதிப்பீடு

‘ஸ்பிரிச்சுவல்ஸ் இன் கான்சர்ட்’ குறையற்ற நிகழ்ச்சி அல்ல. ஆர்கெஸ்ட்ரா தேவைக்கு மேல் பேசும் இடங்கள் உண்டு. மெருகு சில பாடல்களின் கரடுமுரடைத் தேய்த்துவிட்டது. ஆனால் இரு குரல்களும் தம் பயிற்சி முழுவதையும், எந்தச் சலுகையும் கேட்காமல், இப்பாடல்களின் பணிக்கு ஒப்படைத்திருக்கின்றன. சேர்ந்திசை பதில் சொல்லும் இடங்களிலும், தனிக்குரல் கேள்வியோடு நின்றுவிடும் இடங்களிலும் பாடல்களை உருவாக்கிய பெயர் தெரியாத மனிதர்கள் மேடைக்கு வந்துவிடுகின்றனர். ஒரு கச்சேரியிடம் இதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமல்ல.

மாணவர்கள் இந்த ஒலிப்பதிவை மட்டும் கேட்டு ஸ்பிரிச்சுவலை அறிந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. ஜார்ஜியாவின் மக்கின்டாஷ் வட்டாரத்தில் ரிங் ஷவுட் மரபைக் காத்துவரும் குழுவினரின் பதிவுகளை முதலில் கேட்பது நல்லது. அடுத்து ஃபிஸ்க் நால்வர் குழு 1909-ல் செய்த பழைய இசைத்தட்டுப் பதிவுகளையும், அதன் பின் மரியன் ஆண்டர்சனையும் கேட்கலாம். இறுதியாகக் கார்னகி அரங்குக்கு வந்தால், எது வழியில் தொலைந்தது, எது வழியெங்கும் கூடவே வந்தது என்பது காதுக்கே தெரியும்.